கல்யாண ஆல்பத்தை நாமே போடலாமா?

கேள்வி: மகள் கல்யாணம் வைகாசியில் நல்லபடியாக முடிந்தது. போட்டோகிராபர் 2,300 படங்களைப் பென்டிரைவில் கொடுத்துவிட்டார். 40 ஷீட் ஆல்பம் போட்டுத் தர 38,000 ரூபாய் கேட்கிறார். மண்டபத்துக்கும் சமையலுக்கும் வாங்கிய கடனே இன்னும் அடைபடவில்லை. நாங்களே குறைந்த செலவில் போட்டுக்கொள்ள முடியுமா? மகனுக்குக் கம்ப்யூட்டர் ஓரளவு தெரியும்.
– வாசகி, மன்னார்குடி வட்டம்

பதில்: தாராளமாக முடியும், அம்மா. செலவை ஏற்றுவது ஷீட் எண்ணிக்கைதான். 40 ஷீட் என்றால் 80 பக்கம். வீட்டுக்கு வருகிறவர்கள் முதல் இருபது பக்கத்தை ஆசையாகப் பார்ப்பார்கள், அப்புறம் மடமடவென்று தள்ளிவிடுவார்கள். 20 ஷீட்டோடு நிறுத்தினால் பிரிண்ட் செலவு அப்படியே பாதியாகும். ஷீட்டுக்கு ஐந்து படம் வைத்தாலும் 100 படம் வந்துவிடும். அந்த 100 படத்தைப் பொறுக்குவதுதான் உண்மையான வேலை. அதற்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள்.

மகனைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வையுங்கள். நீங்கள் மொய் நோட்டை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வந்தவர்கள் யார் யார் என்பதற்கு அதைவிட நல்ல பட்டியல் கிடையாது. மேடையில் வரிசையாக ஏறி கவர் கொடுத்துவிட்டு நின்ற படங்களே பல நூறு இருக்கும். பக்கத்தைத் தின்பவை அவைதான். அவற்றைச் சிறு கட்டங்களாக, ஒரு பக்கத்தில் பன்னிரண்டு என்று அடுக்கிவிடலாம். ஆனால் ஒருவரும் விடுபடக் கூடாது. தாய்மாமன் படம் இல்லாத ஆல்பம் எத்தனை வருடப் பேச்சாகும் என்று உங்களுக்கே தெரியும்.

சடங்குப் படங்களில் கண்டிப்பாக இருங்கள். தாலி கட்டும் நேரத்தில் மட்டும் முப்பது நாற்பது படம் எடுத்திருப்பார். அத்தனையும் அழகாகத்தான் தெரியும். மாப்பிள்ளையின் முதல் முடிச்சு விழுந்ததும் நாத்தனார் பின்னாலிருந்து கை நீட்டுகிறாரே, அந்த ஒரு படத்தை முழுப் பக்கத்துக்குப் போடுங்கள். தாரை வார்க்கும்போது உங்கள் கணவர் கையிலிருந்து தண்ணீர் விழும் படம் இருந்தால் அதற்கும் பெரிய இடம் கொடுங்கள். மீதியெல்லாம் பென்டிரைவிலேயே இருக்கட்டும்.

இனி மகனுக்கு. ஆல்பம் பிரிண்ட் போடும் லேபுகள் தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் இருக்கின்றன. டிசைன் தொடங்கும் முன்பே ஒரு லேபில் போய் ஷீட் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். விரித்து வைத்தால் 12×36 அங்குலம் வருவது பரவலான அளவு. அப்படியானால் ஃபைல் 10,800×3,600 பிக்சல் இருக்க வேண்டும், அதாவது அங்குலத்துக்கு 300. இதில் குறைத்தால் பிரிண்ட் மங்கும். நடு மடிப்பில் யார் முகமும் விழக் கூடாது. ஓரத்தை வெட்டுவார்கள் என்பதால் அரை அங்குலத்துக்குத் தலையோ கையோ வர வேண்டாம். கிம்ப் போன்ற இலவச மென்பொருளே இதற்குப் போதும். பூ, இறகு, பட்டாம்பூச்சி என்று பின்னணி போட வேண்டாம்; வெறும் வெள்ளையில்தான் பட்டுப்புடவையின் நிறம் எடுப்பாக இருக்கும்.

உறவினர்கள் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய படங்களைப் பெரிதாக்க வேண்டாம். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, நீளப் பக்கம் 1,600 பிக்சல் அளவுக்குத்தான் வந்து சேரும். அது 4×6 சைஸுக்குப் போதும், அதற்கு மேல் தாங்காது. பிடித்த படமாக இருந்தால் டாக்குமென்ட்டாகத் திரும்ப அனுப்பச் சொல்லுங்கள்.

லேபில் ஷீட் விலை, பைண்டிங், அட்டை, பெட்டி நான்கையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஷீட் விலையைக் குறைத்துச் சொல்லிவிட்டு அட்டையிலும் பெட்டியிலும் எடுத்துவிடுவது உண்டு. பெட்டி தேவையே இல்லை, பழைய பட்டுத்துணியில் சுற்றி வைக்கலாம். அந்தக் காசைத் தாளில் போடுங்கள். கிழியாத ஷீட் கேளுங்கள், பேரக்குழந்தைகள் புரட்டப்போகிறார்கள். முழு ஆர்டருக்கு முன் ஒரே ஒரு ஷீட்டை மட்டும் பிரிண்ட் போட்டு வெளிச்சத்தில் பாருங்கள். திரையில் பளிச்சென்று தெரிவது தாளில் கொஞ்சம் இருண்டுதான் வரும்.

அவசரம் வேண்டாம். ஆடியில் முகூர்த்தம் இல்லை, லேபில் கூட்டம் குறைவு, விலை பேச இடம் இருக்கும். அதோடு ஆடிப்பெருக்கு அன்று பெண்ணும் மாப்பிள்ளையும் கல்யாண மாலையை ஆற்றில் விடுவார்கள் இல்லையா? மாலை தண்ணீரில் நகர்ந்து போகும்போது மகனை ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். கடைசிப் பக்கத்தை அதற்குக் காலியாக விட்டு வையுங்கள்.

கேள்வி: முழுப் பணமும் கொடுத்துவிட்டோம். ஆனாலும், "ஆல்பம் என்னிடம் போட்டால்தான் ஒரிஜினல் படங்களைத் தருவேன், உரிமை எனக்குத்தான்" என்கிறார் போட்டோகிராபர். அது சரியா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: சரியில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17: ஒருவர் பணம் கொடுத்து, தமக்காக எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர் அவரே. வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால் மட்டும் இது மாறும். எனவே முன்பணம் கொடுத்தபோது கையெழுத்துப் போட்ட தாளை முதலில் எடுத்துப் படியுங்கள். அதில் அப்படி எதுவும் இல்லையென்றால், வேறு இடத்தில் பிரிண்ட் போட அவர் அனுமதி தேவையில்லை.

முதலில் நேரில் போய்ப் பேசிப் பாருங்கள், ஊரில் நாளைக்கும் முகம் பார்க்க வேண்டியவர்கள். மசியவில்லையென்றால் ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம். அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; உங்களுக்குத் தஞ்சாவூர். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். ரசீது, ஜிபே விவரம், வாட்ஸ்ஆப் பேச்சு எதையும் அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் கல்யாண ஆல்பம் 1991-இல் போட்டது. பக்கத்தில் பசை தடவி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடிய வகை. மழைக்காலத்தில் ஈரம் ஏறிப் படங்கள் ஒட்டிக்கொண்டன. காப்பாற்ற முடியுமா?
– வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: இழுத்துப் பிய்க்காதீர்கள். எங்கள் வீட்டில் நான் அப்படிச் செய்து, அப்பா பக்கத்தில் நின்ற பாட்டியின் முகம் பாதி பிளாஸ்டிக்கோடு போய்விட்டது. பாட்டிக்கு வேறு படம் இல்லை.

முதல் வேலையாக, ஆல்பத்தில் இருக்கும் நிலையிலேயே ஒவ்வொரு படத்தையும் செல்போனில் எடுத்துவிடுங்கள். ஜன்னல் ஓரம், ஃபிளாஷ் இல்லாமல், பளபளப்பு விழாத கோணத்தில். பிளாஸ்டிக் தாள் சுலபமாக வந்தால், படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவே மெல்லிய தையல் நூலை விட்டு ரம்பம் போல மெதுவாக இழுங்கள், படம் கழன்று வரும். பிளாஸ்டிக்கே படத்தோடு ஒட்டியிருந்தால் தொட வேண்டாம், செல்போன் பிரதியோடு திருப்திப்பட்டுக்கொள்ளுங்கள். கழன்ற படங்களைக் கறுப்பு அட்டை ஆல்பத்தில் கார்னர் வைத்துச் செருகுங்கள், பசை வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் பீரோவின் அடித்தட்டில் வைக்காமல் மேல்தட்டில் வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு கூடவே இருக்கட்டும்.