தளம் காலியாகாமல் மெதுவான ப்ளூஸ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஸ்விங் ஜாஸ் இசைக்கு ஆடும் ஜோடி நடன இரவுகளில், அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையையும் நடனத்தையும் சேர்ப்பது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: டொரொன்டோவில் ஒரு சமூகக் கூடத்தில் வாராவாரம் ஸ்விங் நடன இரவு நடத்துகிறோம். இரவு 8 முதல் 11 வரை. 40 பேர் அளவில் வருவார்கள். பாட்டு போடுவது என் பொறுப்பு. போன மாதம் நடுவில் மெதுவான ப்ளூஸ் ஒன்று போட்டேன். பாதிப் பேர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்கள், மீதிப் பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கூட்டத்துக்கு ப்ளூஸ் ஒத்துவராதா?

ஒத்துவரும். அதற்கு முன்னால் என்ன பாட்டு ஓடியது என்று நீங்கள் எழுதவில்லை. சிக்கல் அங்கேதான் இருக்கும். ஸ்விங் நடனங்களில் ஒன்றான லிண்டி ஹாப் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 140 முதல் 180 பீட் வரை ஓடும் பாட்டில்தான் பழகியிருப்பார்கள். அங்கிருந்து ஒரேயடியாக 65-க்கு இறக்கினால் அவர்களுக்குத் தெரிந்த காலடி எதுவும் உதவாது. இரண்டு பீட்டில் மூன்று அடி வைக்கும் ட்ரிப்பிள் ஸ்டெப்பை அந்த வேகத்தில் போட்டுப் பாருங்கள், ஒரு காலைத் தூக்கி அடுத்ததை வைப்பதற்குள் தடுமாற்றம் வந்துவிடும். என்ன செய்வதென்று தெரியாதபோது தண்ணீர்ப் பக்கம் போவது இயல்புதான்.

முதல் ஒரு மாதம் 100-க்குக் கீழே இறங்கவே வேண்டாம். 100 முதல் 120 வரை ஓடும் ப்ளூஸ் ஏராளம். டிரம்ஸும் பேஸும் தெளிவாகக் கேட்கிற, ஷஃபிள் நடையில் (ஒன்று நீளம், ஒன்று குறுக்கம் என்று தத்திச் செல்லும் தாளம்) போகிற பாட்டாகப் பாருங்கள். தெரிந்த ஸ்விங் காலடியை வைத்தே அதில் ஆடிவிடலாம், ஆனால் உடம்பு தானாகவே கொஞ்சம் தாழ்ந்து தளரும். அந்தத் தளர்வு பழகிய பிறகு 90, அப்புறம் 80. 60-களில் ஓடும் பாட்டை மூன்றாவது மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் அவ்வளவு தூரம் வந்துதான் ஆக வேண்டும் என்பதும் இல்லை.

ஒன்று மட்டும் போடாதீர்கள், இரண்டு போடுங்கள். முதல் பாட்டு பாதி ஓடிய பிறகுதான் பலருக்கு உடம்பு பிடிபடும். இரண்டாவதில் நிதானமாக ஆடுவார்கள். மூன்றாவதும் போட்டால், ஆட விருப்பமில்லாமல் உட்கார்ந்திருப்பவர்கள் பத்து நிமிடம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிவரும், அப்புறம் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். உங்கள் நேரக் கணக்குக்கு 9.30 மணி வாக்கு நல்ல இடம். வேகமான பாட்டு ஒன்று 200-ஐத் தாண்டி ஓடி எல்லாரும் மூச்சு வாங்கும்போது நேரே ப்ளூஸுக்குத் தாவாமல் 130-ல் ஒரு பாட்டை இடையில் வையுங்கள். பிறகு 105, அடுத்து 90 (முதல் மாதத்தில் 100). திரும்ப ஏறும்போதும் அப்படியே: 115, பிறகு 140. இறங்குவதில் கவனமாக இருக்கிற டிஜேக்கள்கூட ஏறுவதில் கோட்டைவிடுகிறார்கள். 90-க்கு அடுத்து 190 வந்தால், மெதுவாக ஆடிக்கொண்டிருந்தவர்கள் அதிர்ந்துபோய் உட்கார்ந்துவிடுவார்கள், தளம் இரண்டாம் முறை காலியாகும்.

பாட்டின் நீளத்தையும் பாருங்கள். இரண்டரை முதல் மூன்றரை நிமிடம் போதும். பழைய 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் பதிய முடியும் என்பதால் 1920-கள் முதல் 1940-கள் வரையிலான பதிவுகள் தாமாகவே இந்த அளவில் இருக்கின்றன. மேடைக் கச்சேரிப் பதிவுகள் எட்டு, ஒன்பது நிமிடம் இழுக்கும், நடுவே கிட்டார் சோலோ முடியவே முடியாது. அறிமுகமில்லாத ஒருவரோடு மெதுவான பாட்டில் ஒன்பது நிமிடம் மாட்டிக்கொண்டவர் அடுத்த வாரம் ப்ளூஸ் என்றாலே வெளியே போய்விடுவார். பீட் தொடங்காமல் கிட்டாரோ பேச்சோ மட்டும் அரை நிமிடம் ஓடும் பாட்டையும் தவிர்த்துவிடலாம். ஜோடி கை கோத்துக்கொண்டு சும்மா நிற்பதுபோல் சங்கடம் வேறில்லை.

டெம்போ காட்டும் மென்பொருளை இந்த விஷயத்தில் நம்பாதீர்கள். மெதுவான ப்ளூஸில் ஒவ்வொரு பீட்டும் மூன்றாகப் பிரிந்து ஒலிக்கும். அதனால் 60-ல் ஓடும் பாட்டை அது 120 என்றும் காட்டும், 180 என்றும் காட்டும். பேஸைக் கேட்டுக் காலைத் தட்டி, 15 விநாடியில் எத்தனை விழுகிறது என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஒலி அளவும் அப்படித்தான். 1930-களின் பதிவு சன்னமாக ஒலிக்கும், இன்றைய பதிவு காதைப் பிளக்கும். கூட்டம் வருவதற்கு முன் இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டு அளவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: ப்ளூஸ் வந்ததும் விளக்கை அணைக்காதீர்கள். ஏன் என்பதற்குக் கீழே இன்னொரு வாசகியின் கேள்வியே பதில்.

கேள்வி: ஒரு வருடமாக லிண்டி ஹாப் ஆடுகிறேன். ப்ளூஸ் போட்டால் என்ன காலடி வைப்பது என்றே தெரியவில்லை. ஆறு எண்ணிக்கையா, எட்டா? (மெல்பர்ன்)

இரண்டையும் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். முதலில் முழங்கால். பூட்டாமல் தளர்த்தி, பீட் விழும்போது உடல் எடை தரைக்குள் இறங்கட்டும். ஸ்விங்கிலும் இந்தத் துடிப்பு உண்டு, ப்ளூஸில் அது இன்னும் கனமாக, தாழ்வாக இருக்கும். இடுப்பைக் கொஞ்சம் பின்னுக்கு வைத்து, மார்பை நிமிர்த்தாமலும் கூனாமலும் நில்லுங்கள். இப்போது இடக்காலுக்கு எடை, வலக்காலுக்கு எடை. காலைத் தூக்கவே வேண்டாம். ஒரு முழுப் பாட்டை இப்படியே ஆடலாம், ஜோடியாகவும் ஆடலாம். இது பிடிபட்டால் அடுத்தது: ஒரு காலைப் பக்கவாட்டில் ஒரு பாத அகலம் வைத்து, மற்றதைத் தரையோடு இழுத்துச் சேர்ப்பது. ஸ்லோ டிராக் என்ற ப்ளூஸ் நடனத்தின் அடிப்படை இதுதான். மிசிசிப்பியின் ஜூக் ஜாயிண்ட்டுகளிலும் (கறுப்பின மக்கள் குடிக்கவும் ஆடவும் கூடிய சின்ன விடுதிகள்), 1920-களில் நியூயார்க்கின் ஹார்லெமில் வாடகை தேற்றுவதற்காக வீடுகளில் நடந்த விருந்துகளிலும் இதை ஆடினார்கள். நெரிசலான சின்ன அறைக்குள் ஆடியது என்பதால் காலடியும் சின்னது.

லிண்டி பழகியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள் மூன்று. குதிகாலைத் தூக்கி விரலில் நிற்பார்கள், எடை தரைக்குப் போகாது, இணைக்கு எதுவும் புரியாது. ஒவ்வொரு பீட்டுக்கும் ஏதாவது செய்தாக வேண்டும் என்று தவிப்பார்கள். பாட்டு முடியும்போது இணையைப் பின்னால் சாய்ப்பார்கள். மூன்றாவது ஆபத்தானது, பழக்கமில்லாத இணையிடம் அதைச் செய்யவே கூடாது. எதிர்பாராமல் சாய்க்கப்பட்டவரின் கீழ்முதுகு பிடித்துக்கொள்ளும்.

எப்போது அசைவது, எப்போது அடங்குவது என்பதைப் பாட்டே சொல்லும். பெரும்பாலான ப்ளூஸ் 12 பார் கொண்டது. ஒரு பாருக்கு நான்கு பீட், ஆக ஒரு சுற்றுக்கு 48. நிமிடத்துக்கு 100 பீட் என்றால் ஒரு சுற்று 29 விநாடி, 70 என்றால் 41. இந்த 12 பாரை நான்கு நான்காக மூன்று வரிகளாகப் பிரித்துக் கேளுங்கள். பாடகர் முதல் வரியைப் பாடுவார், இரண்டாவதில் ஏறக்குறைய அதையே திரும்பப் பாடுவார், மூன்றாவதில் அதை முடித்துவைப்பார். ஒவ்வொரு வரியிலும் முன்பாதி குரலுக்கு, பின்பாதி வாத்தியத்தின் பதிலுக்கு. பெஸ்ஸி ஸ்மித் 1925-ல் பாடிய ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ இதைக் காதுக்குக் காட்டிக்கொடுக்கும் பதிவு. அவர் ஒரு வரி பாடி நிறுத்தியதும் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் (டிரம்பெட் போன்ற ஊதுகருவி) பதில் சொல்லும். பின்னணியில் பியானோ கிடையாது, ஃபிரெட் லாங்ஷா வாசிக்கும் ஆர்மோனியம். டிரம்ஸ் இல்லாததால் புதியவர்களுக்கு அது ஆடச் சிரமம், ஆனால் வீட்டில் உட்கார்ந்து கேட்க அதைவிட நல்ல பாடம் இல்லை. குரல் வரும்போது எடை மாற்றம் மட்டும், வாத்தியம் வரும்போது ஒரு சின்னத் திருப்பமோ இழுவையோ. இப்படி ஆடிப் பாருங்கள், ‘அடுத்து என்ன செய்வது’ என்ற தவிப்பு போய்விடும்.

ஒரு கொசுறு: செருப்பு. ரப்பர் அடி தரையைப் பிடித்துக்கொள்ளும். கால் நிற்க, உடம்பு மெதுவாகத் திரும்பினால் முறுக்கு முழுவதும் முழங்காலுக்குப் போகும். தோல் அடியுள்ள ஷூ நல்லது.

கேள்வி: ப்ளூஸ் போட்டதும் சில ஆண்கள் கேட்காமலேயே இழுத்து அணைத்துக்கொள்கிறார்கள். ‘இந்த நடனமே அப்படித்தான்’ என்கிறார்கள். மறுத்தால் எனக்கு ஆடத் தெரியாது என்று நினைக்கிறார்கள். (பெயர், ஊர் வேண்டாம்)

அந்தப் பேச்சு தவறு. ப்ளூஸ் என்ற பெயருக்குள் பல நடனங்கள் இருக்கின்றன. அவற்றில் கையெட்டும் தூரத்தில் நின்று ஆடுவதும் உண்டு, தனியாக ஆடுவதும் உண்டு. நெருங்கி ஆடுவது ஒரு வகை, அதற்கு இரண்டு பேரின் சம்மதமும் வேண்டும். ஆட ஒப்புக்கொண்டதாலேயே நெருக்கத்துக்கும் ஒப்புக்கொண்டதாக ஆகாது.

கை கோக்கும்போதே, “கொஞ்சம் விட்டு ஆடலாம்” என்று சொல்லுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் ஃபாலோ (இணையின் வழிகாட்டலைப் பின்பற்றி ஆடுபவர்) என்றால், உங்கள் இடக்கையை அவர் தோளின் பின்பக்கம் போடாமல் மேற்கையின் முன்பக்கத்தில் வையுங்கள். அவர் நெருங்கினால் அந்தக் கையே இடைவெளியைத் தாங்கும். நெருங்கி ஆட நீங்களே விரும்பும்போதும், நேருக்கு நேர் ஒட்டாமல் அவரவர் இடப்பக்கமாகச் சற்று விலகி, மேல்விலா மட்டும் படும்படி நிற்பதுதான் வழக்கம். வயிறும் தொடையும் ஒட்டினால்தான் லீட் (இணை தரும் வழிகாட்டல்) புரியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சொல்லியும் கேட்காதவரிடம் “நன்றி, போதும்” என்று பாட்டின் நடுவிலேயே விட்டுவிட்டு வரலாம், அது மரியாதைக் குறைவல்ல.

ஆனால் இந்தச் சுமை முழுவதையும் உங்கள் மேல் போடுவது நியாயமில்லை. நடத்துகிறவர்கள் செய்ய வேண்டியவை இருக்கின்றன. விளக்கு எரிய வேண்டும். முதல் ப்ளூஸுக்கு முன்னால் மைக்கில் இரண்டு வரி: “அடுத்த இரண்டு பாட்டும் மெதுவானவை. விட்டு ஆடலாம், நெருங்கி ஆடலாம், இணையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.” புகார் கேட்கும் பொறுப்பை இரண்டு பேரிடம் கொடுத்து, அவர்கள் முகத்தை எல்லாருக்கும் காட்ட வேண்டும், இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். புகார் வந்தவரை அன்றே, தனியே கூப்பிட்டுப் பேச வேண்டும். ‘அவர் பழைய ஆள், அப்படிப்பட்டவர் இல்லை’ என்று மழுப்புகிற இடத்தில் முதலில் காணாமல் போவது பெண்கள்தான். இதைச் செய்ய மனமில்லாத குழு ப்ளூஸ் போடாமல் இருப்பதே மேல்.

கேள்வி: மெதுவான எந்தப் பாட்டையும் ப்ளூஸ் என்று போடலாமா? எங்கள் டிஜே சோகமான பாப் பாட்டெல்லாம் போடுகிறார். (சிங்கப்பூர்)

போடலாம், ஆனால் அதை ப்ளூஸ் என்று சொல்லிப் போடக் கூடாது. ப்ளூஸ் அமெரிக்கக் கறுப்பின மக்கள் உண்டாக்கிய இசை. அதன் நடனமும் அவர்களுடையதே. மெதுவாக இருப்பதும் சோகமாக இருப்பதும் அதன் அடையாளம் இல்லை. ஏகப்பட்ட ப்ளூஸ் பாட்டுகள் நையாண்டியும் குறும்பும் கொண்டவை. பதில் சொல்லும் வாத்தியம், மூன்றாம் ஏழாம் ஸ்வரங்களைச் சற்றே தாழ்த்திப் பாடும் வளைவு, மூன்றாகப் பிரியும் பீட் ஆகியவற்றைத் தேடுங்கள். 12 பார் இருந்தால் ஐயமே வேண்டாம், இல்லாமலும் ப்ளூஸ் உண்டு. இவை எதுவும் இல்லாத மெல்லிய பாப் பாட்டில் ஆடுகிறவர்கள் வேறு ஏதோ நடனத்தைக் கலந்து ஆடுவார்கள். அது இன்பமாகவே இருக்கலாம், ஆனால் ப்ளூஸ் பழக வந்தவர் ஏமாந்துபோவார்.

‘ஸ்விங் இரவில் ப்ளூஸ் எதற்கு’ என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. லிண்டி ஹாப் வளர்ந்த ஹார்லெமின் சவாய் பால்ரூம் 1926 முதல் 1958 வரை இயங்கியது. அங்கே வாசித்துப் புகழ்பெற்ற எர்ஸ்கின் ஹாக்கின்ஸ் குழு 1940-ல் பதிவு செய்த ‘ஆஃப்டர் ஹவர்ஸ்’, ஏவரி பாரிஷின் பியானோவை முன்னால் வைத்த மெதுவான ப்ளூஸ்தான். அந்தக் கால இசைக்குழுக்கள் இரண்டையும் ஒரே இரவில் வாசித்தன. பின்னாளில் ஸ்விங் ஆடுகிறவர்களிடையே மெதுவான ப்ளூஸ் மறுபடி பரவியதில், 1982-ல் தொடங்கிய ஸ்வீடனின் ஹெராங் கோடை நடன முகாமின் பின்னிரவு ஆட்டங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

கேள்வி: இசைக்குழுவை வைத்து ப்ளூஸ் இரவு நடத்தப் போகிறோம். அவர்களிடம் என்ன சொல்ல வேண்டும்? (லண்டன்)

ஆடுகிறவர்களுக்காக வாசிக்கிறார்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். ப்ளூஸ் குழுக்கள் பலவும் கேட்க வருகிறவர்களுக்கு வாசித்துப் பழகியவை. ஒரு பாட்டு நான்கு நிமிடம். 80 முதல் 110 வரை பெரும்பகுதி, ஒரு செட்டுக்கு 70-க்குக் கீழே ஒன்றே ஒன்று. சோலோவுக்கு ஒருவருக்கு இரண்டு சுற்று போதும். பாட்டுக்கு நடுவே டெம்போ ஏறாமல் பார்த்துக்கொள்ளும் டிரம்மர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. மெதுவான பாட்டு கைதட்டலைக் கேட்டதும் ஓட ஆரம்பிப்பது எல்லாக் குழுவிலும் நடக்கும். ஒத்திகையில் முதல் சுற்றையும் கடைசிச் சுற்றையும் கடிகாரம் வைத்துப் பாருங்கள். 80-ல் தொடங்கியது 36 விநாடி எடுத்துக்கொள்ளும். கடைசிச் சுற்று 30 விநாடியில் முடிந்தால் 96-க்குப் போய்விட்டார்கள் என்று பொருள்.