ஷிஃப்ட் கிட் போட்டால் கியர் மாறும் ஆர்பிஎம் உயருமா?

கேள்வி: என்னிடம் 1970-ம் ஆண்டு செவ்ரோலே நோவா இருக்கிறது. 350 கன அங்குல எஞ்சின், டர்போ ஹைட்ராமேட்டிக் 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். டிராக் ரேஸுக்காக கேம்ஷாஃப்ட், கார்புரேட்டர் இரண்டையும் மாற்றினேன். பின் அச்சு விகிதத்தையும் 3.08-இலிருந்து 3.73 ஆக்கினேன். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் 4800 ஆர்பிஎம்மிலேயே அடுத்த கியர் விழுந்துவிடுகிறது. எஞ்சினின் சக்தியை அளக்கும் டைனோ கருவியில் பார்த்தால் 5800-இல்தான் உச்ச சக்தி. பின் அச்சை மாற்றியதுதான் காரணம், ஷிஃப்ட் கிட் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் ஒர்க்‌ஷாப்காரர். வாங்கலாமா?
– மிச்சிகனிலிருந்து ஒரு வாசகர்

பதில்: இந்தக் குறைக்காக என்றால் வாங்க வேண்டாம். ஷிஃப்ட் கிட்டின் வேலை, கியர் மாறும்போது கிளட்ச் வழுக்காமல் சட்டென்று பிடிக்க வைப்பது. எப்போது மாற வேண்டும் என்பதை முடிவு செய்வது கவர்னர். சில கிட்களில் கவர்னர் உதிரிகளும் சேர்ந்து வரும். உங்களுக்குக் காட்டியதில் அவை இருக்கின்றனவா என்று பெட்டியிலுள்ள பட்டியலைப் பாருங்கள்.

பின் அச்சின் மேல் பழி போடுவதும் சரியில்லை. கவர்னர் சுழல்வது கியர்பாக்ஸின் வெளியீட்டுத் தண்டினால். பின் அச்சு அதற்கும் அப்பால்தான் இருக்கிறது. முதல் கியர் விகிதம் 2.52. எஞ்சின் 4800-இல் ஓடினால், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியே இணைக்கும் கன்வெர்ட்டரின் வழுக்கலை விட்டுவிட்டுப் பார்த்தால், அந்தத் தண்டு சுமார் 1900 சுற்றில் இருக்கும். 3.08 இருந்தாலும் 3.73 இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. கியர் மாறும்போது வண்டியின் வேகம் குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

எனக்குச் சந்தேகம் உங்கள் புது கார்புரேட்டர் மேல். இந்த கியர்பாக்ஸில் முழு மிதிப்பின்போது கியர் மாறுவதைத் தள்ளிப்போடுவது, கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கிக்டவுன் கேபிள். வேறு கம்பெனி கார்புரேட்டர் போட்டால் அதன் லீவர் பழைய அளவில் இருக்காது, கேபிள் கடைசி வரை இழுபடாது, கியர் சீக்கிரமே விழும். எஞ்சினை அணைத்துவிட்டு ஒருவரைப் பெடலை முழுக்க மிதிக்கச் சொல்லுங்கள். திராட்டில் முழுக்கத் திறந்த பிறகும் கேபிளில் இழுக்க மிச்சம் இருந்தால் குறை அங்கேதான். சரியான பிராக்கெட் போட்டு அட்ஜஸ்ட் செய்தாலே போதுமானதாக இருக்கலாம்.

கேபிள் சரியாக இருந்தும் குறை தீரவில்லையா? அப்புறம் கவர்னர் கிட் வாங்குங்கள். கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டாம், ஆயில் பேனையும் தொட வேண்டாம்; பின்பக்கமுள்ள வட்ட மூடியைத் திறந்தால் கவர்னர் கைக்கு வந்துவிடும். அதில் சுழலும் எடைகளின் கனத்தைக் குறைத்தால் கியர் தாமதமாக விழும். பழைய எடைகளை அரத்தால் ராவாதீர்கள். ராவிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது, இரண்டு பக்கமும் சமமாக வருவதும் கடினம். கையோடு கவர்னரின் பிளாஸ்டிக் பற்சக்கரத்தையும் பாருங்கள். தேய்ந்திருந்தால் எந்த எடை போட்டும் பயனில்லை.

எந்த ஆர்பிஎம்முக்கு வைப்பது? உச்ச சக்தியைச் சற்றுத் தாண்டி, 6000 பக்கம் தொடங்கலாம். இரண்டாம் கியர் விகிதம் 1.52. அதனால் 6000-இல் மாறினால் எஞ்சின் சுமார் 3600-க்கு இறங்கும். இப்போதோ 2900-க்கு விழுகிறது. கன்வெர்ட்டர் வழுக்குவதால் உண்மையில் இதைவிடச் சற்று மேலே நிற்கும். என்றாலும் பெரிய கேம் போட்ட எஞ்சின் அவ்வளவு கீழே உயிரில்லாமல்தான் இழுக்கும். ஆனால் வால்வு ஸ்பிரிங்கும் கனெக்டிங் ராடும் எதுவரை தாங்கும் என்று எஞ்சினைக் கட்டியவரிடம் கேட்காமல் 6000-ஐத் தொடாதீர்கள். கவர்னர் உத்தரவு கொடுத்து கிளட்ச் பிடிப்பதற்குள் எஞ்சின் இன்னும் கொஞ்சம் ஏறிவிடும், அதற்கும் இடம் விடுங்கள்.

காசு செலவழிக்கும் முன்பே இதைச் சோதித்துப் பார்க்கலாம். லீவரை 1-இல் வைத்துக் கிளம்பி, கையாலேயே 2-க்கும் 3-க்கும் தள்ளுங்கள். ஒரு ஓட்டத்தில் 5600, அடுத்ததில் 5800, அதற்கடுத்து 6000 என்று மாற்றி, ரேஸ் தடத்தில் தரும் நேரச் சீட்டுகளை ஒப்பிடுங்கள். டயர் காற்றையும் கிளம்பும் ஆர்பிஎம்மையும் அப்படியே வையுங்கள், இல்லாவிட்டால் எது நேரத்தைக் குறைத்தது என்றே தெரியாது.

கையால் மாற்றுவதே பிடித்துப்போனால் மேனுவல் வால்வு பாடி ஆசை வரும். ரேஸுக்கு மட்டும் என்றால் நல்ல பொருள்தான். ஆனால் அதைப் போட்டபின் கியர் தானாக மாறாது; கடைத்தெருவுக்குப் போகும்போதும் ஒவ்வொரு கியரையும் நீங்கள்தான் தள்ள வேண்டும். சாலையிலும் ஓட்டுகிற வண்டிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். கவர்னரை மாற்றியபின் மெதுவாக ஓட்டும்போதும் கியர் தாமதித்தால், எஞ்சினின் வெற்றிட அழுத்தத்தைப் பார்த்து கியர் மாறுவதைத் திருத்தும் வேக்குவம் மாடுலேட்டரில் ஸ்க்ரூ வைத்தது ஒன்று வாங்கி, ஸ்க்ரூவை இடப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பாருங்கள்.

ஆர்டர் கொடுக்கும் முன் வண்டிக்கு அடியில் ஒருமுறை பாருங்கள். பழைய வண்டிகளில் கியர்பாக்ஸ் கைமாறியிருக்கும். ஆயில் பேன் சதுரமாக, ஒரு மூலை மட்டும் வெட்டுப்பட்டிருந்தால் அது டர்போ ஹைட்ராமேட்டிக் 350. கோணல்மாணலான வடிவமாக இருந்தால் அநேகமாக டர்போ ஹைட்ராமேட்டிக் 400. அப்படியானால் வாங்கும் கவர்னர் கிட் அதற்குப் பொருந்துமா என்று பெட்டியில் பாருங்கள்.