வாசகர் கேள்வி: சினந்த அரசனிடம் எப்படிப் பேசுவது?

தரம் 7இல் படிக்கும் மகள் கதை சொல்லும் போட்டிக்கு, அரசன் பல் விழக் கனவு கண்ட கதையை எடுத்திருக்கிறாள். ஒத்திகையில் ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கே பிழைக்கிறது?
– ஒரு தாய், புதுக்குடியிருப்பு

அநேகமாகக் கனவுக்குப் பலன் சொல்லும் முதற் சோதிடரில்தான். "உங்கள் உறவினர் எல்லோரும் உங்களுக்கு முன்பே சாவார்கள்" என்றவருக்குச் சிறை. "உறவினர் எல்லோரையும் விட நீங்கள் நீண்டகாலம் வாழ்வீர்கள்" என்றவருக்குப் பொற்கிழி. செய்தி ஒன்றேதான். பிள்ளைகள் முதலாமவரைக் கோணங்கிக் குரலில் முட்டாளாக்கி, இரண்டாமவரைப் பொய்யராக்கிவிடுவார்கள். அத்தோடு கதை செத்தது! முதலாமவரின் கணிப்பும் சரிதான்; சாவை முன்னுக்கு வைத்ததே வினை. இருவர் பேச்சையும் ஒரே குரலில், ஒரே வேகத்தில் சொல்லட்டும். இரண்டாவதற்கு முன் ஒரு மூச்சு நிறுத்தினால் போதும். பொற்கிழி கொடுத்ததும் கதை முடிய வேண்டும், விளக்கம் வேண்டாம்.

நாட்டார் கதை அல்ல என்றாலும், அடுத்த முறைக்குப் புறநானூறு 46ஐப் பாருங்கள். சோழ மன்னன் கிள்ளிவளவன், தன் பகைவன் மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடப் போகிறான். புலவர் கோவூர்கிழார் "அநியாயம்" என்று வாய் திறக்கவில்லை. புறாவின் துயர் தீர்த்தவன் வழிவந்தவன் நீ என்று அரசனை முதலில் உயர்த்துகிறார். இவர்கள் புலவரின் வறுமைக்கு அஞ்சித் தம் உணவைப் பகிர்ந்தோர் குடி என்கிறார். பிறகு, யானையைக் கண்டு அழுத அழுகையையும் மறந்து மன்றத்தை மருண்டு பார்க்கும் சிறுவர்களைக் காட்டுகிறார். கடைசியில், கேட்டுவிட்டாய், இனி உன் விருப்பப்படி செய் என்று விட்டுவிடுகிறார். அந்தக் கடைசி வரிதான் கெட்டித்தனம். அரசன் இறங்கி வந்தாலும் புலவரிடம் தோற்றவன் ஆகமாட்டான். இந்த வரிசையை மாற்றிச் சொன்னால் கெஞ்சலாகிவிடும்.

எங்கள் வன்னியில் இப்படிக் கதை இல்லையா?
– வாசகர், நெடுங்கேணி

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் கதை இருக்கிறதே! மதுரையை எரித்த சினத்தோடு கிழவியாக வந்த கண்ணகிக்கு, மாடு மேய்த்த சிறுவர்கள் புத்திமதி சொல்லவில்லை. புக்கை பொங்கிக் கொடுத்தார்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லை என்று உள்ளதைச் சொன்னார்கள். கடல்நீரை விட்டு ஏற்றச் சொன்னாள். வைகாசிப் பொங்கலுக்கு முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீர் விளக்கு எரிவது இதனால்தான்.

சொல்லும்போது, கிழவி தன் தலையில் பேன் பார்க்கச் சொல்லும் இடத்தை அவசரப்பட்டு முன்னுக்குக் கொண்டுவர வேண்டாம். தலை நிறையக் கண்களைச் சிறுவர்கள் காண்பது அங்கேதான். யாரென்று தெரியாமல்தான் அதுவரை உபசரித்தார்கள்.