சி போனாலும் டி நிலைக்க: கணினி கேள்வி – பதில்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ‘விண்டோஸை மாற்ற வேண்டும், ஆனால் மற்ற டிரைவ்களில் உள்ளவை அப்படியே இருக்க வேண்டும்’ என்று கேட்கும் கேள்விகள் இந்த இதழில் ஒன்றாக இடம்பெறுகின்றன.

அரிசி ஆலைக் கணக்குக்கான கம்ப்யூட்டர். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கில் சி, டி, இ என மூன்று டிரைவ். டாலி கணக்கு, நெல் கொள்முதல் பில்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. விண்டோஸ் 11 போடக் கேட்டால், “எல்லாத்தையும் அழிச்சுட்டுத்தான் போட முடியும்” என்கிறார் மெக்கானிக். டி, இ இரண்டையும் தொடாமல் போட வழி உண்டா? பிசான நெல் வரத்து தொடங்குவதற்குள் முடிக்க வேண்டும்.
– வாசகர், அம்பாசமுத்திரம்

உண்டு. ஒரே டிஸ்க்கைப் பிரித்த பகுதிகளைப் பார்ட்டிஷன் என்பார்கள். விண்டோஸ் இருப்பது சி பார்ட்டிஷனில். அதை மட்டும் ஃபார்மட் செய்து புதிதாகப் போட்டால் டி, இ இரண்டும் அப்படியே இருக்கும்.

ஆனால் உங்கள் கணக்கு உண்மையிலேயே டி டிரைவில்தான் இருக்கிறதா? இதை முதலில் பாருங்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் சி டிரைவின் யூஸர்ஸ் ஃபோல்டருக்குள் இருப்பவை. டாலி பிரைமும் தானாக எடுத்துக்கொள்ளும் இடம் சி டிரைவில் யூஸர்ஸ், பப்ளிக் என்ற ஃபோல்டர்களுக்கு உள்ளேதான். டாலியில் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையில் டேட்டா பாத் தெரியும். அங்கே சி என்று இருந்தால் அந்த ஃபோல்டரை முழுதாக டி-க்கு நகலெடுங்கள். டாலி உரிமத்தையும் ஃபார்மட்டுக்கு முன்பே ‘சரண்டர்’ செய்துவிடுங்கள். புதிய விண்டோஸில் மறுபடி ஆக்டிவேட் செய்ய அதுதான் சிக்கலில்லாத வழி. அவுட்லுக் பயன்படுத்தினால் மின்னஞ்சல்களைச் சேமிக்கும் அதன் பிஎஸ்டி கோப்பு, பிரவுசரில் சேமித்த ஜிஎஸ்டி தளப் பாஸ்வேர்டு, பிரிண்டர் டிரைவர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் டிரைவர் ஆகியவையும் சி-யோடு போய்விடுபவை.

பேக்கப் எடுக்கச் சொன்னால் மெக்கானிக்கிடம் கோபப்படாதீர்கள். டி-யும் இ-யும் தனித்தனி டிரைவாகத் தெரிந்தாலும் இருப்பது ஒரே தட்டில்தான். ஹார்ட் டிஸ்க் பழுதானால் மூன்றும் சேர்ந்தே போகும். ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்துக்கொண்டு, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். ‘காஷன்’ என்று மஞ்சளில் காட்டினால் அந்த டிஸ்க்கில் புதிய விண்டோஸ் போடுவது வீண் வேலை. டிஸ்க்கையே மாற்றுங்கள்.

பிறகு டி, இ டிரைவ்களுக்கு வலது கிளிக் செய்து, ரீநேம் மூலம் பில், போட்டோ என்பதுபோல் ஆங்கில எழுத்தில் பெயர் வையுங்கள். விண்டோஸில் பார்ட்டிஷன்களைக் காட்டும் டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையைச் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டால் செய்யும்போது பார்ட்டிஷன்கள் ‘டிஸ்க் 0 பார்ட்டிஷன் 3’ என்று எண்களாகத்தான் வரிசையில் நிற்கும். சி, டி என்ற எழுத்துகள் வராது. ஷிஃப்ட், எஃப்10 அழுத்திக் கமாண்ட் திரையில் பார்த்தாலும் எழுத்துகள் மாறிக் காட்டக்கூடும். அளவையும் பெயரையும் மட்டும் நம்புங்கள். 500 ஜிபி டிஸ்க் விண்டோஸில் 465 ஜிபி என்றுதான் தெரியும். டி-யும் இ-யும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால், பெயர் வைக்காமல் வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

8 ஜிபி பென் டிரைவில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் மூலம் விண்டோஸ் 11 ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்குங்கள் (பூட்). விண்டோஸ் 11-ன் 24ஹெச்2 முதலான பதிப்புகளில் ‘ஃபைல்கள், ஆப்கள், செட்டிங்ஸ் எல்லாம் அழிக்கப்படும் என்பதை ஏற்கிறேன்’ என்று ஒரு பெட்டியில் டிக் கேட்கும். பலர் இங்கேயே பயந்து கணினியை அணைத்துவிடுகிறார்கள். டிக் செய்தாலும் எதுவும் உடனே அழியாது. எந்தப் பார்ட்டிஷன் என்று கேட்கும் திரை பிறகுதான் வரும். அங்கே பழைய சி-யைத் தேர்ந்தெடுத்து ஃபார்மட் கொடுத்து, அதே வரி தேர்வாகி இருக்கும்போது நெக்ஸ்ட் கொடுங்கள். 100 எம்பி அளவிலும் 16 எம்பி அளவிலும் தெரியும் சிறு பார்ட்டிஷன்கள் பூட் ஆவதற்கும் விண்டோஸின் சொந்தத் தேவைக்குமானவை, தொட வேண்டாம். டெலீட் பொத்தானுக்கு உங்களுக்கு வேலையே இல்லை.

முடிந்தபின் டி-யும் இ-யும் எழுத்து மாறி வந்தால் டிஸ்க் மேனேஜ்மென்டில் திருத்திக்கொள்ளலாம். பழைய ஃபோல்டரைத் திறக்கும்போது அனுமதி இல்லை என்று வந்தால் கன்டினியூ கொடுங்கள். பழைய விண்டோஸின் பயனர் வேறு, புதியவர் வேறு என்று கணினி நினைப்பதால் வருவது அது. கோப்பு கெட்டுவிட்டது என்று பொருளல்ல.

ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இப்போதைய விண்டோஸ் 10 நோயில்லாமல் ஓடுகிறதென்றால், இவ்வளவும் தேவையில்லை. விண்டோஸுக்கு உள்ளிருந்தே விண்டோஸ் 11 செட்டப்பை இயக்கி, ஃபைல்களையும் ஆப்களையும் வைத்துக்கொள்ளும் வழியைத் தேர்ந்தெடுத்தால் டாலியும் பிரிண்டரும்கூட அப்படியே இருக்கும். பிடிக்காவிட்டால் 10 நாளுக்குள் பழையதற்குத் திரும்பலாம். கொள்முதல் நெருங்கும் நேரத்தில் நான் பரிந்துரைப்பது இதைத்தான். கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதியானதா என்பதை பிசி ஹெல்த் செக் சொல்லிவிடும்.

கல்யாணப் பத்திரிகை அச்சிடும் டிடிபி கடை. விண்டோஸ் 11 போடும்போது சி பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்தால், டிஸ்க் எம்பிஆர் முறையில் இருக்கிறது, ஜிபிடி-யில்தான் போட முடியும் என்று மறுக்கிறது. டிஸ்க்பார்ட் என்ற விண்டோஸ் கருவியில் ‘கிளீன்’ கொடுத்தால் சரியாகும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா?
– வாசகர், திருநெல்வேலி டவுண்

செய்யவே கூடாது. எம்பிஆர், ஜிபிடி இரண்டும் டிஸ்க்கின் பார்ட்டிஷன் அட்டவணையை எழுதிவைக்கும் முறைகள்; முன்னது பழையது, பின்னது புதியது. ‘கிளீன்’ என்பது சி-யை மட்டும் துடைக்காது. டிஸ்க்கின் பார்ட்டிஷன் அட்டவணை முழுவதையும் அழித்துவிடும். ஏற்கெனவே யாராவது கொடுத்துவிட்டிருந்தால் அந்த டிஸ்க்கில் எதையும் எழுதாமல் அப்படியே நிறுத்துங்கள். டிஸ்க் முழுவதையும் துடைக்கும் ‘கிளீன் ஆல்’ அல்லாமல் வெறும் ‘கிளீன்’ என்றால் தரவு உள்ளேயே இருக்கும். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவசக் கருவி பழைய அட்டவணையைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். அதன்மேல் விண்டோஸைப் போட்டுவிட்டால் அது உட்கார்ந்த இடத்தில் இருந்தவை திரும்பாது.

எம்பிஆர் டிஸ்க்கை அழிக்காமல் ஜிபிடி-யாக மாற்ற எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸ் 10-ன் 1703 பதிப்பிலிருந்தே உள்ளே இருக்கிறது. அதற்கு முக்கிய நிபந்தனைகள் இரண்டு: தனித்து நிற்கும் பிரைமரி பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் கூடாது, தனக்குள் பல பிரிவுகளை வைத்திருக்கும் எக்ஸ்டென்டெட் பார்ட்டிஷன் இருக்கவே கூடாது. நம் ஊர்க் கடைகளில் முன்பு பிரித்துக் கொடுத்த டிஸ்க்குகளில் டி-யும் இ-யும் எக்ஸ்டென்டெட்டுக்குள்தான் இருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்டில் அவற்றைச் சுற்றிப் பச்சைக் கட்டம் தெரிந்தால் இந்தக் கருவி ‘வேலிடேட்’ என்ற சரிபார்ப்புக் கட்டத்திலேயே மறுத்துவிடும்.

உங்கள் கடைக்கு நான் சொல்வது: 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்குங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி-யில் மட்டும் விண்டோஸ் 11 போடுங்கள். எல்லாம் சரியாக ஓடியபின் பழைய டிஸ்க்கை மாட்டுங்கள். பூட் ஆகும் டிஸ்க் மட்டும்தான் ஜிபிடி-யாக இருக்க வேண்டும்; தரவுக்கான டிஸ்க் எம்பிஆராக இருந்தாலும் தடையில்லை. கேபிளைக் கழற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டு டிஸ்க்கும் மாட்டியிருந்தால் விண்டோஸ் ஒரு டிஸ்க்கிலும் அதன் பூட் கோப்புகள் இன்னொன்றிலும் போய் உட்கார்ந்துவிடக்கூடும். அப்படியானால் பழைய டிஸ்க் பழுதாகும் நாளில் புதியதும் கிளம்பாது.

டிடிபி கடைக்காரர்கள் மறக்கும் இன்னொன்று ஃபான்ட். பாமினி, வானவில் போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் செய்த பழைய பத்திரிகைகள் டி-யில் பத்திரமாக இருக்கும். எழுத்துரு சி-யோடு போயிருந்தால் அவை திறக்கும்போது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து தமிழ் எழுத்துருக்களை முதலில் நகலெடுங்கள். சில எழுத்துருக்கள் பயனரின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள்ளும் இருக்கும், அங்கேயும் பாருங்கள்.

லேப்டாப்பில் சி-யை மட்டும் ஃபார்மட் செய்து விண்டோஸ் போட்டுக் கொடுத்தார்கள். இப்போது டி டிரைவில் பூட்டுப் படம் தெரிகிறது. 48 இலக்க எண் கேட்கிறது. நான் எந்தப் பூட்டும் போடவில்லையே!
– வாசகி, பாளையங்கோட்டை

நீங்கள் போடாவிட்டாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவுடன் பல லேப்டாப்புகளில் பிட்லாக்கர் குறியாக்கம் தானாகவே இயங்கிவிடும். இத்தனை நாள் டி தானாகத் திறந்ததற்குக் காரணம், அதன் சாவியைப் பழைய விண்டோஸ் தனக்குள் வைத்திருந்தது. சி-யை அழித்ததும் சாவியும் போய்விட்டது.

டி-யை ஃபார்மட் செய்ய யாருக்கும் அனுமதி கொடுக்காதீர்கள். பூட்டுத் திரையில் கீ ஐடி என்று எட்டு எழுத்து, எண் கலந்து தெரியும், குறித்துக்கொள்ளுங்கள். பழைய விண்டோஸில் பயன்படுத்திய அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் வேறொரு கணினியிலிருந்து நுழைந்து, உங்கள் சாதனத்தின் பக்கத்தில் பிட்லாக்கர் மீட்புச் சாவிகளைப் பாருங்கள். அதே கீ ஐடி உள்ள வரியில் 48 இலக்கம் இருக்கும். வீட்டில் வேறு யாருடைய மின்னஞ்சலிலாவது முதலில் லேப்டாப்பைத் தொடங்கினீர்களா என்றும் யோசியுங்கள். சாவி அவர் கணக்கில் இருக்கலாம். எங்கும் இல்லையென்றால் யாராலும் திறக்க முடியாது. திறந்து தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்க வேண்டாம்.

மற்ற வாசகர்களே, நீங்கள் விண்டோஸை மாற்றும் முன்பே செட்டிங்ஸில் குறியாக்கத்தை நிறுத்தி, முழுதாக அவிழும்வரை காத்திருங்கள்.

அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. விண்டோஸ் 7-உம் பாஸ் என்ற இந்திய லினக்ஸும் இருந்தன. இடம் வேண்டும் என்று பாஸ் பார்ட்டிஷனை அழித்தேன். இப்போது ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று கறுப்புத் திரையில் நிற்கிறது. டி டிரைவில் கல்லூரிப் பாடக் குறிப்புகள் இருக்கின்றன.
– மாணவர், வள்ளியூர்

குறிப்புகள் பத்திரமாக உள்ளன. கணினி தொடங்கும்போது விண்டோஸ், பாஸ் இரண்டில் எது வேண்டும் என்று கேட்பது கிரப் என்ற சிறு நிரல். அதன் பாதி டிஸ்க்கின் தொடக்கத்திலும் மீதி பாஸ் பார்ட்டிஷனிலும் இருந்தன. மீதியை நீங்கள் அழித்துவிட்டீர்கள். விண்டோஸ் 7 டிவிடி-யில் பூட் செய்து, ரிப்பேர் பகுதியின் கமாண்ட் திரையில் ‘பூட்ரெக்’ கட்டளையை ‘ஃபிக்ஸ்எம்பிஆர்’ என்பதோடு கொடுத்தால் விண்டோஸ் நேரடியாக வந்துவிடும்.

ஆனால் விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லேயே ஆதரவு முடிந்துவிட்டது. அதைக் காப்பாற்றுவதைவிட லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின், பாரம் குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுவது நல்லது. 2 ஜிபி ரேமில் ஓடும்; 4 ஜிபி என்றால் வசதி. பென் டிரைவிலிருந்தே மின்ட்டை இயக்கி, டி டிரைவைத் திறந்து, குறிப்புகளை இன்னொரு பென் டிரைவுக்கு நகலெடுத்துவிடுங்கள். பிறகு இன்ஸ்டால் செய்யும்போது ‘டிஸ்க்கை அழித்து நிறுவு’ என்ற வரியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்; அது டி-யையும் சேர்த்து அழிக்கும். ‘சம்திங் எல்ஸ்’ எடுங்கள். பழைய விண்டோஸ் பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து, லினக்ஸின் கோப்பு முறையான இஎக்ஸ்டி4 என்று மாற்றி, ஃபார்மட் பெட்டியில் டிக் செய்து, மவுன்ட் பாயின்ட்டில் சாய்கோடு ஒன்றை மட்டும் கொடுங்கள். என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறை) என்று காட்டும் டி-யின் வரியில் எந்த டிக்கும் இருக்கக் கூடாது. கீழே பூட்லோடருக்கான இடத்தில் எண் ஒட்டாத முழு டிஸ்க்கின் பெயரைத் தேர்ந்தெடுங்கள்.

சி நிறைந்துவிட்டது. டி-யில் 80 ஜிபி குறைத்தேன். ஆனால் சி-யில் எக்ஸ்டென்ட் வால்யூம் மங்கலாகவே இருக்கிறது. ஏன்?
– வாசகர், தென்காசி

டி-யைக் குறைத்தால் காலியிடம் டி-யின் வலது பக்கம் விழும். சி விரிய வேண்டுமானால் காலியிடம் சி-யை ஒட்டி அதன் வலது பக்கம் இருக்க வேண்டும். ஜிபார்ட்டெட் என்ற இலவசக் கருவி மூலம் டி-யை முழுதாக வலப்பக்கம் நகர்த்தலாம்தான். அதற்கு ஒவ்வொரு கோப்பும் இடம்பெயர வேண்டும், மணிக்கணக்கில் ஓடும். நடுவில் மின்சாரம் போனால் டி முழுவதும் சிதையக்கூடும். யுபிஎஸ் இல்லாமல், அதுவும் காற்றும் சாரலுமாக இருக்கும் நாட்களில், இதைத் தொடாதீர்கள். டி-யின் தரவை எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு நகலெடுத்து, சில கோப்புகளை அங்கே திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டு, டி-யை அழித்து, சி-யை விரித்து, மிச்சத்தில் டி-யைப் புதிதாக உருவாக்குங்கள். சி-க்கும் டி-க்கும் நடுவில் சிறு ரெகவரி பார்ட்டிஷன் இருந்தால் அதன்பிறகும் எக்ஸ்டென்ட் மங்கலாகவே நிற்கும். அழிப்பதற்கு முன்பே டிஸ்க் மேனேஜ்மென்டில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.