பழைய காரை மீட்டெடுக்கும்போது சட்டம் எதைப் பார்க்கிறது?

கேள்வி: ஏறத்தாழ அறுபது ஆண்டுப் பழமையான கார் ஒன்றை வாங்கியிருக்கிறேன். அதை மீட்டெடுப்பதோடு பிரேக், விளக்கு, எஞ்சின் ஆகியவற்றில் சில மாற்றங்களும் செய்ய விரும்புகிறேன். வாகனச் சட்டங்கள் கடுமையாக இருக்கும்போது எங்கிருந்து தொடங்குவது?

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் பதிவுச் சான்றை எடுத்துக்கொண்டு காரின் அருகே சென்று உட்காருங்கள். 1966-ஆம் ஆண்டின் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் 1300 ஒன்றை நான்கு ஆண்டுகள் உழைத்து மீட்டெடுத்து, முறையான ஆய்வில் தேற வைத்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். நாட்டுக்கு நாடு விதிகள் மாறினாலும் அவை கேட்பவை இரண்டே கேள்விகள்: இது பதிவேட்டில் உள்ள அதே கார்தானா? இது சாலையில் பாதுகாப்பாக ஓடுமா? முதல் கேள்விக்குரிய பாகங்களில் கை வைக்காமல், இரண்டாவது கேள்விக்குரிய பாகங்களில் மட்டும் மாற்றங்களைத் திட்டமிட்டால், எவ்வளவு கடுமையான சட்டத்துக்கு உள்ளேயும் நிறையச் செய்ய இடமிருக்கிறது.

முதல் கேள்வியின் கனத்தை அறிய, பிரிட்டனில் நீண்ட காலம் பின்பற்றப்பட்ட புள்ளி முறையைப் பாருங்கள். பெரிதும் மாற்றப்பட்ட கார் தன் பழைய பதிவு எண்ணை வைத்துக்கொள்ள 8 புள்ளிகள் வேண்டியிருந்தது. மாற்றாமல் வைத்திருக்கும் சேசிஸுக்கு (காரைத் தாங்கும் அடிச்சட்டம்) 5 புள்ளிகள். சஸ்பென்ஷன், ஆக்சில், கியர்பெட்டி, ஸ்டீயரிங் ஆகியவற்றுக்குத் தலா 2. எஞ்சினுக்கு வெறும் 1. காரின் உயிரே எஞ்சின்தான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, சட்டமோ காரின் அடையாளத்தைச் சேசிஸில் வைத்திருக்கிறது. இந்தியாவிலும் 2021-இல் வந்த விண்டேஜ் வாகன விதிகள், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த வாகனமாக இருந்தாலும் சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமளவு மாற்றம் நடந்திருக்கக் கூடாது என்கின்றன. ஆகவே சேசிஸை வெட்டிக் குட்டையாக்குவது, கூரையை அறுத்துத் தாழ்த்துவது போன்ற எண்ணங்கள் இருந்தால், அவை காரின் அடையாளத்தையே பறித்துவிடக்கூடியவை என்பதை அறிந்து முடிவெடுங்கள்.

என் காரில் இந்த அடையாளம் மயிரிழையில் தப்பியது. பீட்டிலின் சேசிஸ் எண், பின்னிருக்கையைத் தூக்கினால் தெரியும் நடுத்தண்டின் மேல் பொறிக்கப்பட்டிருக்கும். அதே இருக்கைக்கு அடியில் வலப்பக்கத்தில் பேட்டரி இருப்பதால், பல ஆண்டுகளாகக் கசிந்த அமிலம் அங்கே தரைத்தகட்டைச் சல்லடையாக அரித்திருந்தது. நான் காரை ஒப்படைத்த பட்டறையில் துருப்பிடித்த பகுதி முழுவதையும் ஒரே வெட்டாக எடுத்துவிட முனைந்தார்கள். வெட்டுக்கோட்டைச் சாக்கட்டியால் வரைந்தும் விட்டார்கள். தற்செயலாக அன்று அங்கே போயிருந்த நான் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்த்தபோது, கோட்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி முதல் இலக்கம் மெல்ல எழுந்து வந்தது. அந்த எண் போயிருந்தால் காரை மறுபடி பதிவேட்டோடு பொருத்திக் காட்ட என்னிடம் வேறு எதுவும் இருந்திருக்காது. எண்ணை முதலில் படம் எடுங்கள், மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுங்கள், அதன் பிறகே எந்த இயந்திரத்தையும் அருகில் விடுங்கள்.

துரு வேலையில் இன்னொன்றும் உண்டு. பீட்டிலில் கதவுக்குக் கீழே ஓடும் வெப்பக்காற்றுக் குழாய்ப் பகுதி, காற்றைக் கொண்டுசெல்வதோடு உடற்கூட்டின் வலிமையையும் தாங்குகிறது. அதை வெட்டும் முன் கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து முட்டுக் கொடுக்க வேண்டும்; இல்லையேல் கூடு அரை அங்குலம் தொய்ந்தாலும் கதவு பிறகு ஒருநாளும் சரியாக மூடாது. பற்றவைப்பு முடிந்ததும் அடிப்பகுதிக்குக் கறுப்புப் பூச்சு அடிக்கும் அவசரம் எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. ஆய்வாளர் சிறு சுத்தியலால் ஒவ்வொரு இணைப்பையும் தட்டிப் பார்த்துவிட்டு, பூச்சை நீக்கிக்கொண்டு வரச் சொன்னார். அவர் கேட்டது நியாயமே: தாங்கும் பகுதியில் போட்ட பற்றவைப்புத் தையல் முழு நீளத்துக்கும் ஓடுகிறதா, அங்கங்கே புள்ளி வைத்து நிரப்பப்பட்டதா என்பதைப் பூச்சு மறைத்துவிடும். சுரண்டி எடுக்க மூன்று வார இறுதிகள் ஆயின. வெறும் தகட்டில் ஆய்வு முடியட்டும், பிறகு பூசுங்கள்.

இனி மாற்றங்களுக்கு வருவோம். ஜெர்மனியில் 30 ஆண்டு கடந்த கார்களுக்கு 1997 முதல் தனி எண் பலகை வழங்குகிறார்கள். காரின் முதல் 10 ஆண்டுகளுக்குள் வழக்கத்தில் இருந்த மாற்றங்களை அங்கே ஏற்றுக்கொள்கிறார்கள். அந்தச் சலுகை இல்லாத இடங்களிலும் ஆய்வாளரிடம் எடுபடும் வாதம் இதுவே என்பது என் அனுபவம். என் காரில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்; நீண்ட இறக்கத்தில் சூடேறினால் பெடல் நம்பிக்கை தராது. சந்தையில் கிடைக்கும் புதுக்கால டிஸ்க் பிரேக் தொகுதியை வாங்கி மாட்டுவது எளிது, ஆனால் அதற்கு இந்தக் காருக்கான ஒப்புதல் எதுவும் இருக்காது. அதை விட்டுவிட்டு, 1966 ஆகஸ்ட் முதல் அதே தொழிற்சாலை பீட்டில் 1500 மாதிரியில் முன்சக்கரங்களுக்குப் பொருத்திய டிஸ்க் பிரேக்கைத் தேடினேன். அந்தக் காலத்து உதிரிபாகப் பட்டியலின் பக்கங்களையும் இணைத்து விண்ணப்பித்தபோது, ஓராண்டு இடைவெளிக்குள் அதே நிறுவனம் அதே வகைக் காரில் செய்தது என்ற காரணத்தால் அனுமதி கிடைத்தது.

ஆனால் ஒரு பாகத்தை மாற்றினால் அது தன் உறவினர்களையும் கூட்டிக்கொண்டு வரும். அந்த டிஸ்க்கில் சக்கரத்துக்கு நான்கு போல்ட், என் பழைய டிரம்மிலோ ஐந்து. எனவே பின் டிரம்களும் சக்கரங்களும் மாற்று டயரும் மாற வேண்டியதாயிற்று. டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் (பெடலை மிதிக்கும்போது பிரேக் திரவத்தை அழுத்தித் தள்ளும் பாகம்) குழாயில் சிறிது அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு ஒன்று உண்டு. அதை அப்படியே டிஸ்க்கோடு இணைத்தால் பேடுகள் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். ஆகையால் அதையும் மாற்றினேன். விண்ணப்பத்தில் டிஸ்க்கை மட்டும் எழுதிவிட்டு மற்றவற்றை விட்டுவிடாதீர்கள்.

விளக்குகளில் பலர் தவறு செய்கிறார்கள். பழைய முகப்பு விளக்கு மங்கலாக இருக்கிறதென்று அதற்குள் எல்இடி பல்பைச் செருகுவது பெரும்பாலான நாடுகளில் விதிமீறல், எதிரே வருபவரின் கண்ணையும் கூசச் செய்யும். ஏனெனில் அந்தப் பிரதிபலிப்பான் இழைப் பல்புக்கு ஏற்ப வளைக்கப்பட்டது. என் கார் 6 வோல்ட் மின்னமைப்பு கொண்டது. விளக்கின் முனையில் மீட்டர் வைத்துப் பார்த்தபோது பழைய ஸ்விட்சும் கம்பிகளும் 0.6 வோல்ட்டை விழுங்கியிருந்தன. மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் இழைப் பல்பின் ஒளி ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும். தடித்த கம்பி, ஒரு ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் ஸ்விட்ச்), துடைத்துச் சுத்தம் செய்த எர்த் இணைப்பு ஆகியவற்றைக் கொண்டே பழைய பல்பில் பழைய வெளிச்சம் திரும்பி வந்தது. இதற்கு அனுமதி தேவைப்படவில்லை.

எஞ்சினைப் பொறுத்தவரை, குதிரைத்திறனைக் கூட்டும் ஆசை இருந்தால் முதலில் பிரேக்குக்கான அனுமதியை முடியுங்கள். ஆய்வாளர் கேட்கப்போவதும் அதைத்தான். மின்சார மோட்டாருக்கு மாற்றுவதைப் பற்றி என் கருத்து கடுமையானது. பழமை வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா, அப்படி மாற்றியதை வரலாற்று வாகனமாக ஏற்பதில்லை. எடையும் அதன் பங்கீடும் மாறுவதால் ஆய்வும் ஏறக்குறையப் புது வாகனத்துக்குரியதாகிவிடும். செய்தே தீர வேண்டும் என்றால், கூட்டில் ஒரு துளைகூடப் போடாமல், பழைய எஞ்சினைத் திரும்பப் பொருத்த முடிகிற விதத்தில் செய்யுங்கள்.

ஆய்வு அலுவலகத்துக்கு வேலை முடிந்த பின் போகாமல் தொடக்கத்திலேயே போங்கள். என்ன செய்ய உத்தேசம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போனால், எது நடக்கும், எது நடக்காது என்பது பெரும்பாலும் அன்றே தெரிந்துவிடும். வாய்மொழியாகக் கிடைக்கும் சம்மதத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கழற்றிய பாகங்கள் எதையும் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். என் காரின் நான்கு டிரம்களும் பழைய மாஸ்டர் சிலிண்டரும் எண்ணெய்த் துணியில் சுற்றப்பட்டு, அனுமதிக் கோப்பில் எழுதிய அதே வரிசை எண்கள் ஒட்டப்பட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. எனக்குப் பின் இந்தக் காரை வாங்குபவர் நினைத்தால் ஒரு வார இறுதியில் அதை 1966-க்குத் திருப்பிவிடலாம்.