அப்பாவின் மருந்துச் சீட்டு

74 வயதான மருத்துவர் அப்பா, ஒரே மாத்திரையை இரண்டு பெயர்களில் எழுதிவிட்டதை மருந்துக் கடைக்காரர் சொன்னார், அப்பாவிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். தள்ளிப்போடாதீர்கள். என் பெரியப்பாவும் மருத்துவர்தான். ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, எண்ணை எழுதுவதற்குள் மறந்து, மறுபடி பட்டையைச் சுற்றுவார். மரியாதை கருதி ஓராண்டு வாய்மூடி இருந்தோம். அது தவறு.

அமெரிக்காவின் யேல் நியூ ஹேவன் மருத்துவமனையில் 70 வயதும் அதற்கு மேலும் ஆன 141 மருத்துவப் பணியாளர்களின் சிந்தனைத் திறனைச் சோதித்ததில், 18 பேரிடம் மட்டும் பணியைப் பாதிக்கக்கூடிய குறைபாடு தெரிந்தது. ஆகவே வயதை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். வைட்டமின் பி12 குறைவோ தைராய்டு கோளாறோ காரணமென்றால் சரிசெய்ய வழியுண்டு. அதுவரை அவர் சீட்டு எழுத வேண்டாம். பிள்ளைகள் சொன்னால் வீம்பு வரும். கூடப் படித்த நண்பரைப் பேசச் சொல்லுங்கள். அந்தச் சீட்டை வாங்கிய நோயாளிக்கு இன்றே தகவல் போய்விட்டதா என்றும் பாருங்கள்.