சுவரில் ஒரு செய்யுள்: வாசகர் கேள்வி பதில்

'யாதும் ஊரே யாவரும் கேளிர்' வரியை ஏ3 தாளில் பெரிதாக அச்சடித்து ஹோலில் மாட்ட ஆசை. வீட்டுக் கணினியில் சரியாக இருந்த எழுத்து, அச்சகத்தில் கொம்பு வேறு, எழுத்து வேறாகப் பிரிந்துவிட்டது. ஏன்? (வாசகி, கல்லடி)

நீங்கள் யூனிகோடில் தட்டச்சு செய்திருப்பீர்கள். அச்சகத்தின் பழைய மென்பொருளுக்கு அது பிடிபடவில்லை. 'கே'யில் கொம்பு முன்னே வர வேண்டும். அது 'க'வுக்குப் பின்னால் புள்ளி வட்டத்தோடு தனியே நிற்கும். பாமினியில் அடித்திருந்தாலும் தொல்லைதான்: அந்த எழுத்துரு அங்கே இல்லையென்றால் வரி முழுக்க ஆங்கில எழுத்தாகிவிடும். கோரல்ட்ரோ என்ற வடிவமைப்பு மென்பொருளில் எழுத்தைத் தெரிவுசெய்து கன்ட்ரோல், கியூ இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அது வெறும் கோட்டுருவமாகிவிடும், பிறகு எந்தக் கணினியிலும் உடையாது. ஆனால் திருத்தவும் முடியாது. ஆகவே மூலப் பிரதியைத் தனியாக வைத்திருங்கள்.

அதற்கு முன் சொல்லைப் பாருங்கள். 'கேளிர்' என்றால் உறவினர். 'கேளீர்' என்று நீட்டினால் 'கேளுங்கள்' என்றாகிவிடும். விற்பனைக்கு வரும் படங்களிலேயே இந்தப் பிழை உண்டு. புறநானூற்றில் 192ஆம் பாட்டைப் பார்த்து ஒப்பிடுங்கள்.

அடியில் நான்கு சீர். சீருக்கொரு வரியாக நான்கு வரி வைத்தால் ஏ3 தாள் நன்றாக நிறையும். பத்தடி தள்ளி நின்று வாசிக்க எழுத்து ஓரங்குல உயரமாவது வேண்டும். இணையத்தில் எடுத்த 1000 பிக்சல் படத்தைப் பெருப்பிக்க வேண்டாம், ஓரமெல்லாம் படிக்கட்டாகும். ஏ3க்கு 3508 × 4961 பிக்சல் தேவை.

கண்ணாடி போட்டு மாட்டிய படம் மாரி முடிய அலையலையாக நெளிந்து, ஓரத்தில் பூஞ்சணமும் பிடித்துவிட்டது. (வாசகர், கல்முனை)

நாலு பக்கமும் டேப் ஒட்டியிருப்பார்கள். ஈரத்தில் தாள் விரியும். விரிய இடமில்லாவிட்டால் நெளியும். மேல் ஓரத்தில் மட்டும் ஒட்டி, மற்றப் பக்கங்களை விட்டுவிடச் சொல்லுங்கள். தாள் கண்ணாடியைத் தொடாதபடி சுற்றிவர இரண்டங்குல மவுண்ட் போர்ட் (நடுவில் வெட்டிய தடித்த அட்டை) வேண்டும். பளபளப்புத் தாளாக இருந்தால் கண்ணாடியோடு ஒட்டி, கழற்றும்போது மை உரிந்து வரும். 250 ஜிஎஸ்எம் மட் தாளே நல்லது. பின்பக்கம் ஹார்ட்போர்ட் வேண்டாம், சுவரின் ஈரத்தை அதுதான் முதலில் குடிக்கும். கீழ் மூலை இரண்டிலும் 5 மில்லிமீற்றர் றப்பர் குமிழ் ஒட்டினால் பின்னால் காற்றோடும்.

சுவரில் ஓரடிச் சதுரப் பொலித்தீனை நாலு ஓரமும் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்பக்கம் நீர் முத்துக் கண்டால் அந்தச் சுவரை விட்டுவிடுங்கள். வாடைக் காற்று மழை அடிக்கும் கடற்பக்கச் சுவர் பெரும்பாலும் இந்தச் சோதனையில் தோற்கும்.

ஏ3 அளவில் 2 மில்லிமீற்றர் கண்ணாடி மட்டுமே ஏறத்தாழ 600 கிராம். ஆணி அடித்தால் பழைய பூச்சு உதிரும், உப்புக் காற்றில் ஆணியும் துருவேறும். 6 மில்லிமீற்றர் துளையிட்டு, பிளக் வைத்து, துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி போடுங்கள். படத்தின் நடு, தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலம்.

விபுலானந்த அடிகளின் பாடல் வரியை அச்சிட அனுமதி எடுக்க வேண்டுமா? (வாசகர், காரைதீவு)

வேண்டாம். இலங்கைச் சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியர் மறைந்து 70 ஆண்டு. அடிகள் மறைந்தது 1947இல். 2017 முடிவோடு அது தீர்ந்தது. இன்னொருவர் வடிவமைத்த படத்தை அப்படியே நகலெடுப்பதென்றால் மட்டும் அவரிடம் கேளுங்கள்.